இறங்கும் முன் கையைக் கேட்கும் மெஷின்: செஸ்னாவில் வி.என்.வி. பட்டன்

அவிநாசி ஊர் இடது சக்கரத்துக்குக் கீழே வரும்போது விமானம் தானாக மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டும். அன்றைக்குத் தாழ்த்தவில்லை. 6,500 அடியிலேயே கோவையைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். வலது சீட்டில் இருந்த கேப்டன் மூன்று மைல் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, அந்தக் குமிழைத் திருப்புனீங்ளா?" என்று மட்டும் கேட்டார்.

திருப்பவில்லை. அந்த மூன்று மைலில் நாங்கள் இருக்க வேண்டிய உயரத்தைவிட ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவாக மேலே இருந்தோம். டவரிடம் கேட்டு ஒரு முழு வட்டம் அடித்துத்தான் உயரத்தைக் குறைத்தோம். அந்த ஒரு வட்டம்தான் தானாக இறக்கிக் கொடுக்கும் இந்த வி.என்.வி. (வெர்டிகல் நேவிகேஷன்) பட்டனை உட்கார்ந்து படிக்க வைத்தது. நாலு மாதம் பழகிய பிறகு எழுதுகிறேன்.

எனக்குக் கணபதியில் பட்டறை. பம்ப்செட் மோட்டார்களைச் சோதிக்கும் கண்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கிறோம். 46 வயதில் தனியார் விமானி லைசென்ஸ் எடுத்தேன். இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை, ஓமலூர் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172-எஸ் என்கிற நாலு சீட் விமானம் ஒன்றை எடுத்துக் கோவை வரை போய் வருவேன். அந்த விமானத்தில் இருப்பது கார்மின் ஜி1000 என்எக்ஸ்ஐ திரைகளும் ஜிஎஃப்சி 700 ஆட்டோபைலட்டும். ஜி1000 சின்ன விமானங்களுக்கு வந்தது 2004-இல். என்எக்ஸ்ஐ என்கிற புதிய பதிப்பு 2017-இல். மொத்த அமைப்பையும் அலசப் போவதில்லை. நடுத் திரையின் இடது ஓரத்தில் இருக்கும் ஆட்டோபைலட் பட்டன் வரிசையில் 'வி.என்.வி.' என்று எழுதிய ஒரே ஒரு பட்டனைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு.

அந்தப் பட்டன் செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போகிற பாதையை வரைபடத்தில் கோடு போடுவது மாதிரி, இறங்குகிற பாதையையும் ஆகாயத்தில் ஒரு சரிவாகப் போட்டுக் கொடுக்கும். எந்த இடத்தில் எத்தனை அடியில் இருக்க வேண்டும் என்று நாம் சொன்னால், எங்கிருந்து இறங்க ஆரம்பிக்க வேண்டும் என்பதை அதுவே கணக்குப் போட்டு, ஆட்டோபைலட்டை அந்தச் சரிவின் மேலேயே பிடித்து இறக்கும். பெரிய ஜெட் விமானங்களில் 1980-களிலிருந்தே இருக்கிற வசதி.

இதற்கு முன்னால் நான் ஓட்டிய 172-இல் கேஏபி 140 என்ற பழைய ஆட்டோபைலட். உயரத்தைப் பிடிக்கும், நிமிடத்துக்கு இத்தனை அடி என்று சொன்னால் இறங்கும், அவ்வளவுதான். எங்கே இறங்க ஆரம்பிப்பது என்பது நம் தலைக்கணக்கு. ஆயிரம் அடிக்கு மூன்று நாட்டிகல் மைல் (ஒன்று 1.85 கிலோமீட்டர்). நிமிடத்துக்கு எத்தனை அடி என்றால் தரைவேகத்தை ஐந்தால் பெருக்கிக்கொள். 120 நாட் வேகம், அதாவது மணிக்கு 120 நாட்டிகல் மைல் என்றால் 600 அடி. இந்த இரண்டு வாய்ப்பாட்டையும் இன்றைக்கும் விடவில்லை. மெஷின் சொல்வது சரியா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை.

சேலம்–கோவை பாதையில் வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். நேர்கோட்டில் சுமார் 75 நாட்டிகல் மைல், தென்மேற்கே. மேட்டூர் வலது பக்கம் ஒதுங்கும். பவானி கூடுதுறையில் இரண்டு ஆறும் சேர்வது இடது பக்கம் நன்றாகத் தெரியும். பிறகு கோபிப் பக்கத்துப் பச்சை வலப்புறம் நிற்க, கோடு அவிநாசிக்கு மேலேயே போகும். கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,320 அடி. எனவே ஓடுபாதைக்கு 5 மைல் முன்னால் 2,800 அடியில் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்கிறேன். விமானத் திட்டப் பக்கத்தில் கோவைக்கு 5 மைல் முன்னால் ஒரு புள்ளியை உருவாக்கி, அதன் பக்கத்தில் 2,800 என்று பதிக்கிறேன். எழுத்து வெளிர்நீலமாக மாறினால் மெஷின் அதை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். வெள்ளையாகவே இருந்தால் அது வெறும் தகவல், அதை நம்பி இறங்காது. இந்த நிற வித்தியாசத்தை முதல் நாளே மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

6,500-லிருந்து 2,800-க்கு 3,700 அடி. 3 டிகிரி சரிவில் ஒரு நாட்டிகல் மைலுக்கு 318 அடி இறங்கலாம். அதாவது பதினொன்றரை மைலுக்குச் சற்று மேல். அந்த 5 மைலையும் கூட்டினால் ஓடுபாதைக்குப் பதினாறரை மைல் முன்னால் இறங்க ஆரம்பிக்க வேண்டும். அந்த இடம் அவிநாசிக்கு மேலே. என் வாய்ப்பாடும் திரையும் ஒரே இடத்தைக் காட்டியபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

இனி, நான் கோட்டை விட்ட இடம். இறங்கும் புள்ளிக்கு ஒரு நிமிடம் முன்னால் 'வெர்டிகல் டிராக்' என்று ஹெட்செட்டில் குரல் வரும். உயரப் பட்டைக்குப் பக்கத்தில் மெஜந்தா நிறத்தில் ஒரு கூர்முனைக் குறி தோன்றி, மேலிருந்து மெதுவாகக் கீழே நடுவுக்கு வரும். திரையின் உச்சியில் 'வி-பாத்' என்று வெள்ளையில் இருப்பது விட்டு விட்டு மின்னும். இவ்வளவு நடந்தாலும், உயரம் குறிக்கும் குமிழை நாம் கீழே திருப்பி வைக்காவிட்டால் விமானம் ஓர் அடிகூட இறங்காது. இப்போது இருக்கும் உயரத்தைவிடக் குறைந்தது 75 அடி கீழே அந்த எண் இருக்க வேண்டும். அது மட்டுமில்லை. வி.என்.வி. பட்டனை ஐந்து நிமிடத்துக்கும் முன்னாலேயே அழுத்திவிட்டிருந்தால், கடைசி ஐந்து நிமிடத்துக்குள் பட்டனை மறுபடி அழுத்தியோ குமிழைத் திருப்பியோ 'ஆமாம், இறங்கு' என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெள்ளை எழுத்து பச்சையாகாது, இறங்கும் புள்ளி நம்மைக் கடந்துபோய்விடும்.

முதலில் எனக்கு இது தொல்லையாகத் தெரிந்தது. இத்தனை கணக்கும் போட்ட மெஷின் கடைசியில் ஏன் என் கையை எதிர்பார்க்கிறது? பட்டறையில் நின்றபோதுதான் விடை கிடைத்தது. எங்கள் ஏரியாவில் பவர் பிரஸ் ஓட்டுகிற பட்டறைகள் நிறைய. அந்த மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும், இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. நானே அப்படிப்பட்ட பேனல்களுக்கு ஒயரிங் செய்திருக்கிறேன். உயரக் குமிழ் அதே இன்டர்லாக்தான். தரையை நோக்கிப் போவதற்கு முன்னால், கண்ட்ரோலர் அனுமதித்த உயரம் எது என்று தெரிந்த ஒரு மனிதக் கை அதைத் தொட வேண்டும். மெஷினுக்குச் சரிவு தெரியும். ரேடியோவில் நமக்கு என்ன சொன்னார்கள் என்பது தெரியாது.

அதனால்தான் குமிழில் இருக்கும் எண்ணுக்கு இந்த அமைப்பு கட்டுப்படுகிறது. பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம் இருப்பதால், கோவைக்கு இறங்கும்போது நடுவில் ஓர் உயரத்தில் நிற்கச் சொல்வதற்கு நான் எப்போதும் தயாராக இருப்பேன். ஒரு தடவை 4,500-இல் நிற்கச் சொன்னார்கள். குமிழில் 4,500 வைத்தேன். சரிவின் மேலேயே வந்து, 4,500-இல் தானாக மட்டமாகி நின்றது. திட்டத்தில் இருந்த 2,800-ஐ நோக்கிப் போகவில்லை. அந்த ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டு மைல் கழித்து 'இனி இறங்கலாம்' என்று வந்தபோது சரிவு எங்களுக்கு 600 அடிக்கு மேல் கீழே போயிருந்தது. இருக்கிற இடத்திலிருந்து புதிதாகச் சரிவு போடச் சொல்ல ஒரு சாஃப்ட்கீ (திரைக்கு அடியில் இருக்கும் பட்டன்) உண்டு. அழுத்தியிருந்தால் ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சரிவு வந்திருக்கும். நான் அதைத் தொடாமல், நிமிடத்துக்கு 900 அடி என்று செங்குத்து வேகத்தை வைத்து, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் குறைத்து இறங்கினேன். அந்தக் கட்டத்தில் குனிந்து மெனு தேடுவதைவிட வெளியே பார்ப்பதுதான் முக்கியம். செங்குத்து வேகப் பட்டன் கைக்குப் பழகியது.

இனி இரண்டாவது கை. இதைப் பற்றித்தான் சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த விமானத்தில் ஆட்டோ த்ராட்டில் கிடையாது. வி.என்.வி. மூக்கை மட்டும்தான் ஆளும், எஞ்சினைத் தொடாது. சரிவைப் பிடித்து மூக்கு தாழ்ந்ததும் வேகம் ஏறத் தொடங்கும். ஏப்ரல் மாதம் ஒரு மதியம், கருமத்தம்பட்டி தாண்டும்போது நடந்ததைச் சொல்கிறேன். கீழே காய்ந்து கிடக்கிற பூமியிலிருந்து வெக்கைக் காற்று எழுந்து விமானத்தைத் தூக்குகிறது. சரிவுக்கு மேலே போகிறோம் என்று ஆட்டோபைலட் மூக்கை இன்னும் தாழ்த்துகிறது. வேகப் பட்டையில் 118 இருந்தது, 122 ஆகிறது, 125, 127. 129-இல் மஞ்சள் ஆரம்பிக்கிறது. 172-எஸ்ஸில் மஞ்சள் பகுதிக்குள் ஆடாத காற்றில் மட்டும்தான் போகலாம், அன்றைக்குக் காற்று ஆடிக்கொண்டிருந்தது. 163-இல் சிவப்புக் கோடு. கேப்டன் ஒன்றும் பேசவில்லை. நான் த்ராட்டிலை 2,400-லிருந்து 2,000 சுற்றுக்குக் கொண்டுவந்தேன். எஞ்சின் சத்தம் தணிந்தது. எண் 127-லேயே ஒரு கணம் நின்று, 121-க்கு வந்தது. அப்போதுதான் இடது கை தளர்ந்ததை உணர்ந்தேன், அதுவரை யோக்கை (ஸ்டியரிங் மாதிரி இருக்கும் கைப்பிடியை) இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன்.

இதன் மறுபாதி இன்னும் ஆபத்தானது. 2,800 வந்ததும் ஆட்டோபைலட் மட்டமாகும். த்ராட்டில் இன்னும் குறைத்தபடியே இருந்தால், உயரத்தை விடாமல் இருக்க அது மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். வேகம் 110, 100, 90 என்று சத்தமில்லாமல் கரையும். எதிரே ஓடுபாதையைத் தேடிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது தெரியாது. இதை கேப்டன் வேண்டுமென்றே எனக்குக் காட்டினார், பாதுகாப்பான உயரத்தில், வேறொரு நாள். 85-க்கு வரும் வரை கைகட்டிப் பார்க்கச் சொன்னார். முதுகு சீட்டில் சாய்வதும், கண்ணாடிக்கு வெளியே அடிவானம் கீழே போவதும்தான் முதலில் தெரிந்தது. எண்ணைப் பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து மட்டமாவதற்கு 200 அடி இருக்கும்போதே வலது கை த்ராட்டிலில் இருக்கும்.

இந்த இரண்டையும் வெளிமாநிலத்தில் நான் முதலில் படித்த பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. வி.என்.வி.க்கு அங்கே பத்து நிமிடம் ஒதுக்கினார்கள், பட்டன் எங்கே இருக்கிறது என்பதோடு முடிந்தது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற இடத்தில் இப்படிச் செய்யலாமா என்று இன்னும் வருத்தம் இருக்கிறது. மெஷின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன் எல்லை எது என்று சொல்லித் தராமல் கையில் கொடுப்பது சரியில்லை.

எல்லை என்றதும் ஏற்காட்டைச் சொல்லியாக வேண்டும். சேலம் விமான நிலையம் ஏறக்குறைய 1,008 அடியில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே எட்டு, ஒன்பது நாட்டிகல் மைலில் ஏற்காடு, 1,515 மீட்டர், அடிக்கணக்கில் 4,970. கிழக்கிலிருந்து நேராகச் சேலத்துக்கு வருவதாக வைத்து, ஓடுபாதையிலிருந்து பின்னோக்கி 3 டிகிரி சரிவைப் போட்டுப் பாருங்கள். எட்டரை மைலில் அந்தச் சரிவு 3,700 அடியில் இருக்கும். மலைக்கு உள்ளே! நிலப்பரப்பைச் சிவப்பு மஞ்சளாகக் காட்டி எச்சரிக்கிற வசதி திரையில் தனியாக உண்டு, ஆனால் சரிவுக் கணக்கு மலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை. நாம் கொடுத்த புள்ளியும் உயரமும்தான் அதற்குத் தெரியும். எந்தப் புள்ளியில் எவ்வளவு உயரம் என்பதை வரைபடத்தை விரித்து வைத்து, மலையைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். சேர்வராயன், நீலகிரி, ஆனைமலை என்று சுற்றிலும் மலை இருக்கிற நம் ஊரில் பறக்கிற யாரும் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஏறுவதற்கு இந்த விமானத்தில் வி.என்.வி. உதவாது, அதற்கு வேகத்தைப் பிடித்து ஏறும் எஃப்.எல்.சி. பட்டன் இருக்கிறது, அது போதும். உயரமானியில் பதிக்கும் காற்றழுத்த எண்ணைத் தப்பாக வைத்தால் சரிவு முழுக்க அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 27, 28 அடி, பத்து தப்பினால் 300 அடிக்குப் பக்கம். கண்ட்ரோலர் திசை மாற்றிவிட்டு, நாம் கோட்டை விட்டு வெகுதூரம் விலகினால் சரிவுக்குப் பொருளில்லாமல் போகும். ஆட்டோபைலட் அப்போது மூக்கின் கோணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும், அந்த எழுத்து மாறுவதைக் கவனிக்க வேண்டும். கேப்டன் ஒவ்வொரு பட்டனுக்குப் பிறகும் திரை உச்சியின் எழுத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். "பட்டனை நம்பாதீங்ணா, எழுத்த நம்புங்" என்பார்.

சரி, இத்தனை கவனம் வேண்டுமென்றால் இது எதற்கு? என் அம்மாவுக்காகத்தான் என்று சொல்வேன். அன்னூரில் தோட்டத்தில் இருக்கிறார், 74 வயது. பழைய விமானத்தில் ஒரு தடவை கூட்டிப்போனபோது நான் தாமதமாக இறங்க ஆரம்பித்து, நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் இறக்கினேன். இரண்டு நாள் காது அடைத்துக் கிடந்தார். போன மாதம் மறுபடி கூட்டிப்போனேன். அவிநாசிக்கு மேலே குமிழைத் திருப்பி, வெள்ளை எழுத்து பச்சையானதும் த்ராட்டிலைக் குறைத்தேன். நிமிடத்துக்கு 600 அடி, ஆறு நிமிடம், ஒரே சீராக. ஆட்டோபைலட் சரிவைப் பார்த்துக்கொண்டதால் என் கண் முழுக்க வெளியே இருந்தது, எதிரே ஒரு பருந்துக் கூட்டத்தை வெகு முன்னாலேயே பார்க்க முடிந்தது. பீளமேட்டில் இறங்கி எஞ்சினை நிறுத்தியதும் பின்சீட்டிலிருந்து, "எறங்குனதே தெரியல கண்ணு, காது சும்மா இருக்குது" என்றார்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, வேகத்தை அது பார்த்துக்கொள்ளாததற்கு. ஆட்டோ த்ராட்டில் இல்லாத விமானத்தில் அதை எதிர்பார்க்க முடியாது என்பது தெரியும், இருந்தாலும் அந்தப் பொறுப்பு விமானியிடம் இருக்கிறது என்பதை மதிப்பெண்ணில் காட்டத்தான் வேண்டும். புதிதாக ஜி1000 ஓட்டப் போகிறவர்கள், பறப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஓடுகிற பயிற்சி மென்பொருளில் பத்துத் தடவையாவது இந்த இறக்கத்தைச் செய்து பாருங்கள். அதில் ஐந்து தடவை குமிழைத் திருப்பாமல் விட்டு, என்ன நடக்கிறது என்றும் பாருங்கள்.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்த பிறகு ஒரு நாள் போனேன். எதிர்காற்று 30 நாட். தரைவேகம் 88-க்கு வந்துவிட்டது, பல்லடம் பக்கம் காற்றாலைகள் எல்லாம் மேற்கே பார்த்து முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. இறங்கும் புள்ளி நகரவில்லை, அதே அவிநாசி. சரிவு பூமியோடு கட்டிப் போட்டது, காற்று அதை அசைக்காது. மாறியது இறங்கும் வேகம் மட்டும்தான், நிமிடத்துக்கு 600-க்குப் பதில் 470. குரல் வந்தது. குமிழைத் திருப்பினேன், எழுத்தை வாய்விட்டுப் படித்தேன், த்ராட்டிலில் கை வைத்தேன். கேப்டன் ஜன்னல் வழியாகத் தேர்வீதியைத் தேடிக்கொண்டிருந்தார்.